வடக்கு கேலரி எண்ணுகிறது

எங்கள் நாட்டு அணிக்குப் புது மேனேஜர் வந்த அன்றே எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கவில்லை. சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில் ஒரு சின்ன நோட்டு, எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதையாவது எழுதிக்கொள்கிற பழக்கம். முதல் பேட்டியிலேயே, இனிமேல் நம் அணி அவசரப்படாமல் விளையாடும் என்றார். கால்பந்தில் அவசரப்படாமல் வேறு எதில் அவசரப்படுவதாம்? டீ குடிப்பதிலா? டிவியை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

வேலை என்றால், மத்தியப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருடமாக ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு நேர அட்டவணை, கீழே பன்னிரண்டு நடைமேடைகள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பித்தால் பெஞ்சில் குறட்டை விடுகிறவர்கூட எழுந்து பையைத் தேடுவார். மேட்ச் நாட்களில் இதே குரல் ஒரு மெகாஃபோனோடு ஸ்டேடியத்தின் வடக்கு கேலரிக்குப் போய்விடும். அங்கே எட்டாயிரம் பேர். நான் ஒன்று சொன்னால் அதை எட்டாயிரம் வாய் திருப்பிச் சொல்லும். எனக்குப் பக்கத்தில் நின்று டிரம் அடிப்பவன் எங்கள் டிப்போ மெக்கானிக். ஊருக்கே அவன் போல்ட்டு. என் வீட்டுக்காரருக்குக் கால்பந்து என்றாலே அலர்ஜி. மேட்ச் நாளில் சமையல் அவர் பொறுப்பு.

எங்கள் கேலரிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கோல்கீப்பரின் காலுக்குப் பந்து வந்ததும் நான் மெகாஃபோனில் "ஒண்ணு" என்பேன். எட்டாயிரம் பேரும் "ஒண்ணு" என்பார்கள். அப்புறம் "ரெண்டு". அப்புறம் "மூணு". மூணு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து "அடி!" அந்த அடியில் பந்து வானத்துக்குப் போய், பாதி மைதானம் தாண்டி விழும். எங்கள் ஆட்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பதினைந்து வருடத்தில் மூன்று கீப்பர்கள் மாறினார்கள், எண்ணிக்கை மாறவில்லை. இதை ஆரம்பித்தவள் நான்தான். அடக்கம் எனக்குப் பழக்கமில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

புது மேனேஜர் முதலில் கை வைத்தது அதில்தான். கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்கவே கூடாதாம். பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டுமாம். எதிரணி ஆள் பொறுமை இழந்து பக்கத்தில் ஓடி வருவானாம். வந்ததும் பந்தைப் பக்கத்தில் இருக்கிற நம் ஆளிடம் தட்டிவிட வேண்டுமாம். ஓடி வந்தவன் விட்டுவிட்டு வந்த இடம் காலியாக இருக்கும், அது வழியாக மேலே போகலாமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தில் பார்த்தால் பந்து முன்னால் போவதே இல்லை. கீப்பரிடமிருந்து பக்கத்துக்கு, பக்கத்திலிருந்து மறுபடி கீப்பருக்கு. இரண்டாவது மேட்ச்சிலேயே போல்ட்டு அவருக்குப் பேர் வைத்துவிட்டான்: ரிவர்ஸ் கியர்.

ஐந்து மேட்ச்சில் இரண்டு தோல்வி, இரண்டு டிரா. ஜெயித்த ஒன்றும் எதிரணிக்காரர் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டதால் வந்தது. கோபம் தாங்காமல் நாங்கள் இன்னும் சத்தமாக எண்ணினோம். அதற்கு அந்த மனுஷன் பேட்டியில் என்ன சொன்னார் தெரியுமா? வடக்கு கேலரி எண்ணுவதை நிறுத்தினால் அணிக்கு உதவியாக இருக்கும் என்றார். வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் எங்கள் வாயை மூடச் சொல்கிறார்! அடுத்த மேட்ச்சில் "ரிவர்ஸ் கியர், வெளியே போ" என்று எழுதின பெரிய துணியை நானே முன்வரிசையில் கட்டினேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அந்த கோல்கீப்பர் என் மாப்பிள்ளை.

என் ஒரே மகளைக் கட்டியவர். எங்கள் வீட்டு மாடியில்தான் இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள். ஆள் ஆறடி மூன்று அங்குலம், குரல் மட்டும் எலிக்குட்டிக்கு இருக்கிற அளவு. வீட்டில் நான், "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். ஸ்டேடியத்தில் அதே வாய், "டேய், அடிடா! பந்து என்ன முட்டையா, அடைகாக்கிறியா?" என்று கத்தும். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கும் சேர்த்து என் மகள் கோபப்படுவாள்.

கடைசித் தகுதி மேட்ச்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கீழே வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, இதைப் பாரு" என்று பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துக் காட்டினாள். கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"என்னடி இது? எங்க இடிச்சுக்கிட்ட?"

"நான் இடிச்சுக்கல. நேத்து எனக்கு லீவு. மத்தியானம் அவர் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பாப்பா படியில உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பாடம் படிச்சுது. மூணுன்னு சொன்னதுதான் தாமதம், தூக்கத்துலயே ஒரு உதை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"சிரி, நல்லா சிரி. அவர் காலு அவர் பேச்சைக் கேக்கல, உன் பேச்சைத்தான் கேக்குது. காலைப் பந்து மேல வெச்சுட்டு நிக்கணும்னுதான் உள்ள போறார். நீ மூணுன்னதும் கால் தானா எழும்புது. அடிக்கவும் முடியல, பாஸ் குடுக்கவும் முடியல, பந்து நேரா எதிராளி காலுக்குப் போகுது. அஞ்சு மேட்ச்சா இதுதாம்மா நடக்குது."

"அது அந்த ரிவர்ஸ் கியர் சொல்லிக் குடுக்கிற லட்சணம்..."

"மேனேஜர் முடிவா சொல்லிட்டார். கடைசி மேட்ச்லயும் இவர் மூணுக்கு அடிச்சா ரெண்டாவது கீப்பர்தான். அதுக்கப்புறம் டீம்லயே இடம் இல்ல." குரல் உடைந்துவிட்டது. "பத்து வயசுலேர்ந்து இதுக்குத்தாம்மா ஓடினார். எண்ணுறதை நிறுத்து. இல்லேன்னா மாடி ஏறாதே."

"எட்டாயிரம் பேர் வாயை நான் எப்படிடி மூடுறது?" என்று கேட்டேன். அவள் படியேறிப் போய்விட்டாள். நான் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆரம்பித்தது நான்தான் என்றாலும் இப்போது நான் மெகாஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால்கூடக் கேலரி தானாக எண்ணும். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படியில் மாப்பிள்ளை இறங்கி வரும் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன்.

அந்தக் கலக்கத்தில்தான் இருபத்தாறு வருடத்தில் செய்யாத தப்பை வேலையில் செய்தேன். ஆறாம் நடைமேடையில் சிமென்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். துறைமுகம் போகிற பஸ் அந்த வாரம் மட்டும் இரண்டாம் நடைமேடையில் நிற்கும் என்று பெரிய எழுத்தில் எழுதி என் மேஜையிலேயே ஒட்டியிருந்தார்கள். நான் மைக்கை ஆன் செய்து, பழக்க தோஷத்தில், "துறைமுகம் செல்லும் பேருந்து ஆறாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

இருநூறு பேர் ஓடினார்கள். மூட்டையும் முடிச்சுமாக, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஈர சிமென்ட்டைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் சாவகாசமாக இரண்டாம் நடைமேடைக்கு வந்தது. அங்கே ஒரே ஒரு பெண். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. தனியாக ஏறி, பிடித்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் என் கூண்டை அண்ணாந்து பார்த்து, "என்ன மேடம், ஸ்பெஷல் சர்வீஸா?" என்று கையை விரித்தார்.

தப்பைத் திருத்தி அறிவிக்க வேண்டும். மைக்கைப் பிடித்தபடி நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறில் ஈ மொய்த்த மாதிரி கூட்டம். இரண்டில் துடைத்து வைத்த மாதிரி காலி. ஒரு வழியாகத் திருத்திச் சொன்னேன், ஆனால் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

மெகாஃபோனில் நான் சொல்வது என் எட்டாயிரம் பேருக்கு மட்டுமா கேட்கிறது? எதிரணிக்கும்தானே கேட்கிறது!

சாப்பாட்டு இடைவேளையில் போனில் அந்த ஐந்து மேட்ச்சையும் ஓடவிட்டேன். இத்தனை நாளும் பந்தையே பார்த்தவள், அன்றைக்குத்தான் எதிராளிகளைப் பார்த்தேன். நான் "ஒண்ணு" என்றதும் அவர்கள் திரும்புகிறார்கள். "ரெண்டு" என்றதும் மூன்று பேர் பின்னால் ஓடி, பந்து எங்கே விழுமோ அங்கே போய் நிற்கிறார்கள். "மூணு" என்றதும் முன்னால் நிற்கிறவன் பந்தைத் தடுக்கக் காலைத் தூக்கிக் குதிக்கிறான். அத்தனை பேருக்கும் நடைமேடை நம்பரை நான்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ரிவர்ஸ் கியர் எங்களை வாயை மூடச் சொன்னதில் அர்த்தம் இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளும்போது நாக்கில் கசப்பு மாத்திரை கரைந்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்த மனுஷனுக்கும் பாதிதான் புரிந்திருந்தது. ஏன் நிறுத்த வேண்டும்? ஆறாம் நடைமேடை என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன், எல்லாரும் அங்கே ஓடட்டும், பஸ் இரண்டில் வரட்டுமே!

சாயங்காலம் மாடி ஏறினேன். கதவைத் திறந்த மகள் அப்படியே மறித்து நின்றாள். "உன்கிட்ட பேச வரல, மாப்பிள்ளைகிட்ட பேசணும், தள்ளு" என்று உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"நீங்க சொல்றது சரி அத்தை. ஆனா மூணுன்னா கால் நிக்காதே" என்றார்.

"நிக்க வைப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்போவில் பஸ் கழுவுகிற இடம் காலியாக இருக்கும். மாப்பிள்ளையை அங்கே நிறுத்தினோம். எதிராளியாக ஓடி வர, பஸ் கழுவுகிற ஆட்கள் நாலு பேரைப் போல்ட்டு பிடித்து வந்தான். அவன் வாயை மூடி வைக்கச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நான் மெகாஃபோனை அவர் காதிலிருந்து ஒரு கை தூரத்தில் வைத்து எண்ணினேன்.

முதல் தடவை பந்து ஷெட் கூரையில் விழுந்தது. இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியில். ஒன்பதாவது அடியில் ஒரு பஸ்ஸின் பின்விளக்கு போனது. "பரவாயில்ல, அது எப்படியும் மாத்த வேண்டியது" என்று போல்ட்டு பொய் சொன்னான். பன்னிரண்டாவது தடவை கால் பாதி தூக்கி நின்றது. அப்புறம் மூன்று முறை அசையாமல் நின்றார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை மட்டும் தலையை ஆட்டினார். "இது கணக்குல வராது அத்தை. நீங்க மரியாதையா எண்ணுறீங்க. கிரவுண்டுல 'டா' போடுவீங்களே, அப்படிக் கத்துங்க. அந்தக் குரலுக்குத்தான் கால் எழும்புது."

"ஐயோ, முகத்துக்கு நேரா எப்படி மாப்பிள்ளை?"

"வேற வழியில்ல அத்தை."

கண்ணை மூடிக்கொண்டேன். "ஒண்ணு! ரெண்டு! மூணு! அடிடா தடிமாடு!" பந்து டிப்போ மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கழுவுகிற ஆட்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் முழு மரியாதைக் குறைவோடு நாற்பது தடவை எண்ணினேன். பன்னிரண்டு மணி வெயிலில் கடைசி இருபதுக்கு அவர் கால் பந்தின் மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது.

மாப்பிள்ளை மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். யோசனை யாருடையது என்று மேனேஜர் கேட்டாராம். "என் மாமியாரோடது" என்றாராம் இவர். மேனேஜர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாராம். கேலரிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடக்கு கேலரியில் ரகசியம் சொல்வதும் என் கூண்டு மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

மேட்ச் நாலு மணிக்கு. ஜெயிக்கிறவர்கள் பெரிய போட்டிக்குப் போவார்கள். டிரா ஆனால் இரண்டு அணியுமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவது அணி ஒன்று அதற்காகவே காத்திருந்தது. என் மகள் முதல் முறையாக வடக்கு கேலரிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னிடம் பேசவில்லை. ஆனால் என் தண்ணீர் பாட்டிலை அவள்தான் பிடித்திருந்தாள்.

முதல் பாதியில் மாப்பிள்ளை எதிர்ப்பக்கக் கோலில், எங்களுக்கு வெகு தூரத்தில். பதினோராவது நிமிடம் பந்து அவர் காலுக்குப் போனது. நான் எண்ணினேன். எட்டாயிரம் பேர் எண்ணினார்கள். டிப்போவில் கேட்டது ஒரு தொண்டை, இங்கே எட்டாயிரம். மூணு என்றதும் அவர் கால் எழும்பிவிட்டது. பாதி உதை. பந்து நேராக எதிரணி ஆளின் நெஞ்சில் போய் விழுந்தது. அவன் தள்ளிவிட்டான். கோல்.

நான் மெகாஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். சுற்றிலும் "ரிவர்ஸ் கியர், வெளியே போ!" என்று கேலரியே அதிர்ந்தது. நான் கட்டின துணியை முன்வரிசையில் நின்றவர்கள் பிடித்து ஆட்டினார்கள். கோட்டுக்கு வெளியே இரண்டாவது கீப்பர் எழுந்து உடம்பைச் சூடு செய்ய ஓட ஆரம்பித்தார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஓட்டத்தையே பார்த்தாள். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

இடைவேளை முடிந்து அணி வெளியே வந்தபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அக்கா, கீப்பர் மாறல, மஞ்சள் சட்டை அதே ஆளுதான்!" என்று போல்ட்டு என் தோளை உலுக்கினான். மாப்பிள்ளை நடந்து வந்து எங்களுக்கு நேர் முன்னால் இருக்கிற கோலில் நின்றார். மாற்றிவிடலாமா என்று மேனேஜர் இடைவேளையில் அவரையே கேட்டிருக்கிறார். "அத்தை எண்ணட்டும் சார், நான் அடிக்க மாட்டேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஐம்பத்தேழாவது நிமிடம் பந்து மறுபடி அவரிடம் வந்தது. காலை அதன் மேல் வைத்தார். எண்ணினால் மறுபடி அடித்துவிட்டால் என்ன செய்வது? எண்ணாவிட்டால் எதிராளிகள் யாரும் ஓடப் போவதில்லை. மெகாஃபோன் வாய் வரை வந்து நின்றுவிட்டது.

"எண்ணும்மா" என்றாள் என் மகள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒண்ணு!" என்றேன். எதிராளிகள் திரும்பினார்கள். "ரெண்டு!" மூன்று பேர் பின்னால் ஓடினார்கள். "மூணு!" முன்னால் நின்றவன் காலைத் தூக்கிக் குதித்தான். "அடி!" என்று எட்டாயிரம் பேர் இடி மாதிரி கத்தினார்கள்.

மாப்பிள்ளை அசையவில்லை. குதித்தவன் வெறுங்காற்றை உதைத்துவிட்டுத் தடுமாறி விழுந்தான். பின்னால் ஓடியவர்கள் வானத்தைப் பார்த்துப் பந்தைத் தேடினார்கள். நடுவில் துடைத்து வைத்த மாதிரி காலி. மாப்பிள்ளை பந்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத் தட்டினார்.

கேலரியில் இரண்டு மூன்று பேர் "ஊ" என்று ஆரம்பித்தார்கள். அந்த ஊளை பரவினால் எங்கள் ஆட்களுக்குக் கை கால் ஓடாது. அப்போது என் வாயில் அது தானாக வந்தது, சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை.

"நாலு!"

நான் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லித்தானே அவர்களுக்குப் பழக்கம்? "நாலு!" என்றார்கள், என்னவென்று தெரியாமலேயே. பந்து அடுத்தவருக்குப் போனது. "அஞ்சு!" இன்னொருவருக்கு. "ஆறு!" ஏழில் பின்வரிசைக்குப் புரிந்துவிட்டது. போல்ட்டு ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு அடி டிரம்மில் போட்டான். பந்து பின்னால் போனபோதுகூட யாரும் திட்டவில்லை. அதற்கும் ஒரு நம்பர் கிடைத்ததே! பன்னிரண்டில் கிழக்கு கேலரியும் சேர்ந்துகொண்டது. பதினைந்தில் முழு ஸ்டேடியமும் எண்ணியது. எதிராளிகள் பந்துக்குப் பின்னால் நாக்குத் தள்ள ஓடினார்கள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று சொல்ல வாயைத் திறந்தோம், பந்து வலைக்குள் இருந்தது.

அதற்கப்புறம் நடந்த கூச்சலில் யாருடைய முதுகில் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. ஐந்து மேட்ச்சாக அந்த மேனேஜரைத் திட்டித் தீர்த்த ஒரு பெரியவர், "இதைத்தான்யா அந்த மனுஷன் சொன்னாரு!" என்று ஏதோ தானே சொல்லிக் கொடுத்த மாதிரி கத்தினார். நான் முன்வரிசைக்குப் போய் அந்தத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் காலுக்கடியில் போட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஒரு கோல் வேண்டும். எதிராளிகளுக்கும் வேண்டும். அவர்கள் இப்போது உஷாராகிவிட்டார்கள். நான் மூணு என்று கத்தினால் யாரும் பின்னால் ஓடவில்லை, குதிக்கவில்லை. நேராக மாப்பிள்ளையைப் பார்த்துப் பாய்ந்தார்கள். இரண்டு முறை மயிரிழையில் தப்பினார். ஒரு பந்தைப் பறந்து விரல் நுனியால் தட்டிவிட்டார். தொண்ணூறு நிமிடம் முடிந்தது. இன்னும் நாலு நிமிடம் என்று பலகையில் காட்டினார்கள்.

மூன்றாவது நிமிடம். அவர்கள் பதினோரு பேரும் எங்கள் பக்கம் ஏறி நின்றார்கள். அவர்களுடைய கீப்பர்கூட நடுக்கோட்டில் இருந்தார். எங்கள் டிஃபெண்டர் வேறு வழியில்லாமல் பந்தை மாப்பிள்ளைக்கே திருப்பிக் கொடுத்தார். அவர் காலை வைத்தார். ஐந்து பேர் அவரை நோக்கி ஓடி வர ஆரம்பித்தார்கள்.

நான் மெகாஃபோனைத் தூக்கி வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை அடைத்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் லீவு போடாத குரல், அந்த நொடியில் என்னைக் கைவிட்டுவிட்டது. கேலரி என் முகத்தைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை திரும்பி எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு!" என்று கேலரி அலறியது.

இரண்டு விரல். "ரெண்டு!" ஐந்து பேரும் இன்னும் வேகமாக வந்தார்கள். இனிமேல் எந்தப் பைத்தியக்காரனும் மூணுக்கு அடிக்க மாட்டான் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று விரல்.

அடித்தார். பதினைந்து வருடமாக நாங்கள் கேட்ட அடிகளை எல்லாம் சேர்த்து வைத்து அடித்த மாதிரி ஒரு அடி. காற்று எங்கள் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஓடி வந்த ஐந்து பேர் தலைக்கு மேல் போய், மீதி ஆட்களையும் தாண்டி, நடுக்கோட்டில் இருந்த கீப்பர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓட ஓட, அவரையும் தாண்டி விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, அப்புறம் குட்டியாக இன்னொரு துள்ளு துள்ளி, ஆளே இல்லாத கோலுக்குள் பந்து போய் உட்கார்ந்தது.

ஒரு நொடி யாரும் நம்பவில்லை. அப்புறம் ஸ்டேடியம் தலைகீழானது. போல்ட்டு டிரம்மைக் கிழித்துவிட்டான். கோட்டோரத்தில் சாம்பல் ஸ்வெட்டர் மனுஷன் நோட்டை வானத்தில் விட்டெறிந்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். அவசரப்படாமல் குதித்தார் என்று என்னால் சொல்ல முடியாது. என் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தையே இல்லாமல் அழுதாள். நானும் அழுதேன், சத்தமே வராமல்.

ரெஃப்ரி கடைசி விசில் ஊதியதும் மாப்பிள்ளை மற்றவர்களிடம் போகவில்லை. எங்கள் கேலரிக் கம்பிக்கு ஓடி வந்து, அதைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். அந்த எலிக்குட்டிக் குரலில், "அத்தை, மூணுக்கே அடிச்சுட்டேன். பரவாயில்லையா?" என்றார்.

பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. கையை மட்டும் கம்பி வழியாக நீட்டினேன். அதை அவர் தன் இரண்டு கையிலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து போல்ட்டுதான் முதலில் கத்தினான்: "மாப்ளே!" அடுத்த வரிசை, "மாப்ளே!" அப்புறம் வடக்கு கேலரி முழுவதும், கிழவரும் குமரியும், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அந்தப் பெரியவரும், ஒரே குரலில் "மாப்ளே! மாப்ளே!" என்றார்கள். மனுஷன் காது வரை சிவந்து போனார். பாவம், ஒரு மாமியாரைச் சமாளிக்கவே அவருக்கு ஐந்து மேட்ச் ஆனது, இப்போது எட்டாயிரம்.